நூலகத்தில் உலகப் பிரச்சினைகளைப் பேசத்தான் வேண்டுமா?

பாலாற்றங்கரையான்:
வேலூர் நூலகங்களில் மாதம் ஒரு முறை, உலகப் பிரச்சினை ஒன்றைப் பற்றிய கட்டுரையையோ அறிக்கையையோ சேர்ந்து படித்து விவாதிக்கும் கூட்டம் நடத்தக் கோரி நூலக ஆணைக்குழுவுக்கு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் தெரிவிக்கலாம். மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லலாம்.

காட்பாடித் தேர்வர்:
மறுக்கிறேன், ஐயா. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் எங்களுக்கு மேசையும் மின்விசிறியும் அமைதியும் ஒருங்கே கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்க முடியாது என்பதை வேலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கோ நடக்கும் போரைப் பற்றியும் உருகும் பனிப்பாறையைப் பற்றியும் இருபது பேர் பேசி இங்கே எதுவும் மாறப்போவதில்லை. எங்கள் படிப்பு கெடுவது மட்டும் உறுதி.

பாலாற்றங்கரையான்:
தம்பி, இடநெருக்கடி பற்றி நீங்கள் சொல்வது நியாயம். 'எங்கோ' என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோல், காலணியாகவும் பையாகவும் ஐரோப்பாவுக்குப் போகிறது. உடலில் படும் தோல் பொருளில், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் என்ற, ஒவ்வாமை தரும் நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்படுத்துகிறது. அங்கே காலணி போடுகிறவரின் காலுக்குக் காவல் இருக்கிறது. இங்கே கிணறு வைத்திருந்தவருக்கு என்ன இருந்தது? நம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் அறிவியல் முடிவு உறுதியாகும்வரை காத்திராமல் பெருந்தீங்கைத் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996-இல் ஏற்றது. 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனத்தில் இடம்பெற்ற அக்கொள்கைகள் நான்கே ஆண்டுகளில் பாலாற்றுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தீர்ப்பை நானே சென்ற ஆண்டுதான், அறுபத்தொன்றாம் வயதில், முழுதாகப் படித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தோட்டப்பாளையம் வாசகி:
ஐயா சொல்லும் செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. கூட்டம் என்னவாக முடியும் என்பதில்தான் ஐயம். ஊரைக் குறிப்பிடாமல் சொல்கிறேன்: ஒரு கிளை நூலகத்தின் 'வாசிப்பு நிகழ்ச்சி'யில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சால்வை, நினைவுப் பரிசு, புகைப்படம் எல்லாம் முடிவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. எடுத்து வந்த புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. நாற்காலி போட்டு, தேநீர் சொல்லி, கடைசியில் கூடத்தையும் பெருக்கியவர் நூலகர்தான். இன்னொரு மேடை நமக்கு வேண்டாம்.

காட்பாடித் தேர்வர்:
அந்த வழக்கின் பெயரையும் ஆண்டையும் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அதற்காகப் படிப்பறையை விட்டுத்தர மாட்டேன்.

பாலாற்றங்கரையான்:
1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். தேர்வு எழுதாதவருக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. ஆனாலும் மனுவைத் திருத்துகிறேன். படிப்பறையைத் தொடக் கூடாது. குழந்தைகள் பகுதி காலியாகும் ஞாயிறு மாலையில் கூடலாம். மேடை, ஒலிபெருக்கி, சால்வை எதுவும் இல்லை. பத்துப் பக்கத்துக்கு மிகாத பகுதியை முன்கூட்டியே படி எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், நாற்காலிகளை வந்தவர்களே எடுத்து அடுக்க வேண்டும்.

தோட்டப்பாளையம் வாசகி:
சால்வை இல்லையென்றால் கையெழுத்திடுகிறேன். ஆனால் நீங்கள் படித்த தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்திருக்கும். அதில் பத்துப் பக்கத்தை, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் புரியும் தமிழில் யார் எழுதித் தருவது?