ரியாக்டிவ் ஸ்ட்ரெங்த்துக்குத் தமிழ் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். சுற்றுவட்டார உடற்கல்வி ஆசிரியர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறது. வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 'ரியாக்டிவ் ஸ்ட்ரெங்த்' என்ற ஒரு சொல்லில் நாலு நாளாக நிற்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு பையன் நின்ற இடத்திலிருந்து நன்றாக எம்புவான். அவனையே ஒரு படியிலிருந்து கீழே குதித்து, கால் பட்டவுடன் மேலே எழும்பச் சொன்னால் சாக்குமூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவான். இறங்கும் வேகத்தைத் தாங்கி, குதிகால் நாணில் தேக்கி, அது வீணாவதற்குள் ஏறும் வேகமாக மாற்றுகிற வலிமை அவனிடம் இல்லை. நீளம் தாண்டுபவருக்கும் விரைவோட்டக்காரருக்கும் வேண்டியது அதுதான். அவர்கள் கால் தரையில் இருப்பது கால் நொடிகூட இல்லை.

முதலில் 'எதிர்வினை வலிமை' என்று போட்டேன். வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, "விசில் ஊதினதும் சட்டுனு கிளம்புறதா சார்?" என்றாள். அது துலங்கல் நேரம், காதுக்கும் மூளைக்கும் உள்ள வேலை. இது காலுக்கும் தரைக்கும் உள்ளது. சொல்லே தப்பான பொருளைக் கற்றுக்கொடுத்தால் என்ன செய்ய?

போன வருடம் இன்னொரு கூத்து. 1960களில் சோவியத்தில் இப்படிக் குதித்தெழும் பயிற்சியை வகுத்த பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி அதற்கு வைத்த பெயரை நேராக 'அதிர்ச்சி முறை' என்று பெயர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். மறுநாள் ஒரு அப்பச்சி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பிள்ளைகளுக்கு ஷாக் வைக்கிறீகளாமே?" என்றார்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

தம்பி, வெளியே தேடவே வேண்டாம். தெறிவலிமை. குறுந்தொகையில் மான்குட்டியைத் 'தெறித்துநடை மரபின் தன் மறி' என்கிறார் புலவர். கால் ஊன்றியதும் ஊன்றாததுமாக நிலத்தை உதைத்துத் துள்ளும் நடைக்குத் தெறித்தல் என்று பெயர். நீங்கள் கேட்பது அதையேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வில்லின் நாணைச் சுண்டி ஒலி எழுப்புவதும் நாண் தெறித்தல். உங்கள் குதிகாலில் இருப்பதற்கும் நாண் என்றே பெயர் வைத்திருக்கிறோம். நாண் தெறிக்கும் வலிமை. தெறிவலிமை, முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, ஒற்று மிகாது. 'எகிறு' என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது தெலுங்கின் 'எகுரு'.

பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் பகல்

ஐயா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணெய் காயாமல் கடுகைப் போட்டால் கிடந்து வேகும். காய்ந்திருந்தால் விழுந்தவுடன் தெறிக்கும். உங்கள் பையன் காயாத எண்ணெய்.

ஆனால் எகிறு தெலுங்கு என்று ஒதுக்குவது நியாயமா? அக்கா தங்கை வீட்டில் ஒரே சாயலில் பிள்ளை பிறந்தால் அதைக் கடன் வாங்கியது என்பீர்களா?

கோட்டையூர், இயற்பியல் ஆசிரியர், செவ்வாய் இரவு

எனக்குச் சண்டை 'வலிமை'யோடு. இதை எப்படி அளக்கிறீர்கள் அண்ணே?

காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர், செவ்வாய் இரவு

துள்ளிய உயரத்தைத் தரைதொடு நேரத்தால் வகுக்கிறோம். கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டகம் (ஃபிரேம்) வீதம் படம் எடுத்தால் போதும். கால் தரையில் 48 சட்டகம் என்றால் 0.2 நொடி. காற்றில் 120 சட்டகம் என்றால் அரை நொடி, அதற்கு உயரம் சுமார் 31 செ.மீ. வகுத்தால் 1.5 வருகிறது. அதே உயரத்துக்கு இன்னொருவன் தரையில் 0.3 நொடி எடுத்துக்கொண்டால் 1.0தான். உயரம் ஒன்று, ஆள் வேறு.

கோட்டையூர், இயற்பியல் ஆசிரியர், செவ்வாய் நள்ளிரவு

உயரத்தை நேரத்தால் வகுத்தால் மீட்டர்/நொடி. அது வேகத்தின் அலகு! விசையும் இல்லை, திறனும் இல்லை. வேகத்தின் அலகில் அளந்துவிட்டு வலிமை என்று பெயர் வைக்கிறோம். 'மீள்விசை' என்று யாராவது ஆரம்பித்தால், அது சுருள்வில் பாடத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. 'வலு'வும் ஆகாது, இலங்கைப் பாடநூல்களில் வலு என்றால் நாம் சொல்லும் திறன். என் பரிந்துரை: துள்ளுதிறன்.

(திறனும் தப்பு என்று இப்போதுதான் நானே சொன்னேன். தூக்கம் வருகிறது.)

காரைக்குடி, கம்பன் அன்பர், புதன் காலை

கம்பன் கழகம் 1939இல் பிறந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு அலைவதா? சுந்தர காண்டத்தின் முதல் படலமே கடல் தாவு படலம். மகேந்திர மலையை அனுமன் காலால் அழுத்துகிறான், மலை நிலைகுலைகிறது, அவன் எழுகிறான். அழுத்தம், எழுச்சி, இரண்டும் இருக்கின்றன. தாவுவலிமை என்று போடுங்கள்.

காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர், புதன் பகல்

ஐயா, மன்னிக்கணும். அனுமன் மலைமேல் நின்று, அழுத்தி, எழுகிறார். மேலிருந்து வந்து விழவில்லை. எங்கள் கணக்கில் அது நின்ற நிலைத் தாவல். இலங்கையில் இறங்கிய கையோடு மறுபடி எம்பியிருந்தால் ஒப்புக்கொள்வேன்.

கோலாலம்பூர், பூர்வீகம் கண்டனூர், புதன் மாலை

எதற்கு இவ்வளவு பாடு? இந்தக் குதிப்புப் பயிற்சிகளை ஆங்கிலத்தில் சொல்வதுபோல 'பிளையோமெட்ரிக்' என்றே போடுங்கள், பிள்ளைகள் யூடியூபில் அதைத்தான் தேடுவார்கள். 1975இல் பிரெட் வில்ட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் உண்டாக்கிய சொல். கிரேக்க வேரில் 'மிகுதி', 'அளவு' என்று பொருள் சொல்கிறார்கள். குதிப்பு என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. பொருளே சொல்லாத சொல் உலகம் சுற்றி வந்துவிட்டது, நாம் ஒற்று மிகுமா மிகாதா என்று உட்கார்ந்திருக்கிறோம்.

தேவகோட்டை, தமிழாசிரியர், புதன் இரவு

பிளையோமெட்ரிக் என்பது பயிற்சியின் பெயர். தம்பி கேட்டது வலிமையின் பெயர். நோயைக் கேட்டால் மருந்தைச் சொல்கிறீர்கள்.

காரைக்குடி, இயன்முறை மருத்துவர், புதன் இரவு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தெறிவலிமையை மட்டும் வேண்டாம். என்னிடம் வருகிறவர்கள் "நாண் தெறிச்சுப்போச்சு டாக்டர்" என்று சொன்னால் அறுந்துவிட்டது என்று பொருள். கையேட்டில் 'நாண் தெறிக்கும் பயிற்சி' என்று வந்தால் அந்த அப்பச்சி மறுபடியும் வருவார்.

சொல் எதுவானாலும் ஒரு வரி சேருங்கள். முதலில் கயிறு தாண்டல், நொண்டி, பச்சைக்குதிரை. பிறகுதான் உயரத்திலிருந்து குதிப்பது, அதுவும் புல்தரையில். புதியவர்களுக்கு ஒரு நாளில் 80 முதல் 100 முறை கால் தரையில் பட்டால் போதும், அப்புறம் இரண்டு நாள் இடைவெளி. நம் ஊர்ப் பிள்ளைகள் திண்ணையிலிருந்து குதித்துப் பழகுகிறார்கள். செட்டிநாட்டுத் திண்ணை எவ்வளவு உயரம் என்று தெரியாதவர் இங்கே யாருமில்லை, கீழே கருங்கல் வேறு.

காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர், வியாழன் காலை

அந்தத் திண்ணைக்கு நானும் பொறுப்பு. கீழே குதிக்கும் உயரத்துக்கு வெர்கோஷான்ஸ்கி சொன்ன 75, 110 செ.மீ. அளவுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டது நான். நன்றாகத் தேறிய வீரர்களுக்கான அளவு அது என்று எழுதாமல் விட்டேன். இப்போது 20 செ.மீ. பலகையில் ஆரம்பிக்கிறோம். உயரத்தைக் கூட்டக் கூட்ட அந்த வகுத்தல் எண்ணும் ஏறும், ஓர் இடத்தில் இறங்க ஆரம்பிக்கும். இறங்குவதற்கு முந்தைய உயரம்தான் அவனுக்கு உரியது.

நேற்று வகுப்பில் தெறி, துள்ளு, தாவு மூன்றையும் எழுதிக் கை தூக்கச் சொன்னேன். தெறி என்றதும் கடைசி வரிசையில் விசில். அவர்களுக்கு அந்தச் சொல்லில் இப்போது வேறு அர்த்தம். துள்ளுவலிமைக்கு ஏழெட்டுக் கை. தரைதொடு நேரம் அந்தச் சொல்லில் இல்லை, எனக்கு முழுத் திருப்தியும் இல்லை. ஆனால் சொன்னவுடன் யாரும் விசில் ஊதிக் கிளம்புவதா என்று கேட்கவில்லை. அதையே அனுப்புகிறேன்.

தேவகோட்டை, தமிழாசிரியர், வியாழன் மாலை

சரி. மீன் துள்ளும், கன்று துள்ளும், இதில் தரையைத் தொட்டு மீள்வது எங்கே இருக்கிறது என்று என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம். அப்புறம், 'பச்சைக்குதிரை'யில் ஒற்றுப் போட்டீர்களா?

காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர், வியாழன் இரவு

போட்டேன் ஐயா. அட்டையில்தான் 'பயிற்ச்சி' என்று விழுந்திருக்கிறது. அச்சகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை.