பரிமாற வந்தவன்

நீள நாவல் படித்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஆங்கில எழுத்தாளர் அந்தோணி போவெலின் 'எ டான்ஸ் டு தி மியூசிக் ஆஃப் டைம்', மொத்தம் 12 பாகம். (பவல் என்று உச்சரித்தால் மனிதருக்குப் பிடிக்காதாம்.) முதல் பாகம் 1951-ல் வந்தது, கடைசி 1975-ல். எனக்குப் படித்து முடிக்க இரண்டரை வருஷம் ஆயிற்று.

முதல் பாகத்தை இரண்டு தடவை பாதியில் மூடி வைத்தேன். பள்ளிக்கூடம், டீ, பெரிய வீட்டு விருந்து. யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. போதாததற்கு ஊர்ப்பட்ட பெயர்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம், யாருக்கு யார் மாமன், யார் யாரை விட்டுவிட்டு யாரோடு போனாள் என்று எழுதத் தொடங்கினேன். வீட்டம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த லிஸ்ட்?" என்றாள்.

7, 8, 9 ஆகிய மூன்றும்தான் இரண்டாம் உலகப் போர்ப் பாகங்கள். பீரங்கி, பதுங்குகுழி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கதை சொல்லும் ஜென்கின்ஸ் ஒரு வெல்ஷ் படைப்பிரிவோடு வட அயர்லாந்தில் கிடக்கிறான். பயிற்சி, பரேடு, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, ஃபைல். போவெலே வெல்ஷ் ரெஜிமென்டில் இருந்து, பிறகு லண்டன் போர் அலுவலகத்தில் நேச நாட்டுப் படைகளோடு தொடர்பு வேலை பார்த்தவர்தான். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வரிகூட அந்நியமாக இருக்காது.

என்னை உலுக்கியது எட்டாம் பாகம். டிவிஷன் தலைமையகத்தில் ஒரு கடைசித்தர மெஸ். ஜென்கின்ஸ் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பரிமாற வரும் சிப்பாயை நிமிர்ந்து பார்த்தால், ஸ்ட்ரிங்ஹாம்! பள்ளியில் ஜென்கின்ஸின் கூட்டாளி. வாத்தியாரையே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்படி போன் போட்ட குறும்புக்காரன். குடியில் வாழ்க்கை சரிந்து, மீண்டு, இப்போது தட்டு ஏந்தி நிற்கிறான். அழுகை இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. இருவரும் ஆபீசரும் சிப்பாயுமாகவே நடந்துகொள்கிறார்கள். ஏழு பாகத்தின் சலிப்பு எனக்கு அந்த ஒரு சாப்பாட்டு வேளையில் கடன் தீர்ந்தது.

அதே பள்ளியில் பையன்களின் கேலிக்கு ஆளான விட்மர்பூல் அங்கே மேஜர். பழைய பள்ளித் தோழன் பரிமாறுவது அவனுக்குச் சங்கடம். ஸ்ட்ரிங்ஹாமை நடமாடும் சலவைப் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறான். அந்தப் பிரிவு கிழக்கே கப்பலேறுகிறது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது ஸ்ட்ரிங்ஹாம் சிறைப்பட்டான், திரும்பவில்லை. நமக்கு அது அடுத்த பாகத்தில், வேறு பேச்சுக்கு நடுவே, காதில் விழுகிற சேதி. அவ்வளவுதான்.

லண்டன் குண்டுவீச்சும் அப்படியே. ஒரே ராத்திரி. நடன விடுதியில் குண்டு விழுந்து ஜென்கின்ஸின் நண்பன் சிப்ஸ் லவெல் சாகிறான். அவன் மனைவியிடம் சொல்லலாம் என்று ஜென்கின்ஸ் போனால், அவள் தங்கியிருந்த வீட்டிலும் குண்டு. சேதியைச் சொல்ல ஆளில்லை. (1941 மார்ச் 8 அன்று லண்டனில் கஃபே டி பாரிஸ் என்ற நடன விடுதியில் நிஜமாகவே குண்டு விழுந்தது.) அன்றைக்குக் காலண்டர் தாளில் மூன்று பெயரை அடித்தேன். மூன்றாவது, அந்த வீட்டுக்காரி மோலி. ஒரு பாகம் முழுக்க அவள் வீட்டில் விருந்துண்டிருக்கிறோமே!

---

அண்ணா, நான் நேரே எட்டாம் பாகத்தில் இறங்கிவிட்டேன். நூலகத்தில் அது மட்டும்தான் இருந்தது. ஸ்ட்ரிங்ஹாம் தட்டோடு வந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரோ ஒரு சர்வர் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இப்போது வயிற்றெரிச்சல்.

என்னைத் தொட்டது, அதே பாகத்தில் வரும் கேப்டன் பிக்ஸ். கிரிக்கெட் பெவிலியனில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். "கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிராச்சே" என்கிற மாதிரி ஒருவர் சொல்கிறார். சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

---

தம்பி, முதல் பாகத்துக்குப் போங்கள். பனியில் தெருவேலைக்காரர்கள் நெருப்புக் காயும் இடத்திலிருந்து தொடங்குகிறது. லிஸ்ட் வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அடித்த பெயர்களை மட்டும் முதலில் பார்க்காதீர்கள்.