மேக்ரோ லென்ஸ்: 'அண்மை வில்லை' என்ற சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, சிறு பொருளை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸுக்கு 'அண்மை வில்லை' என்று திருப்பத்தூர் ஐயா முன்மொழிந்திருக்கிறார். சின்னச் சொல், நாவில் தடையின்றி வருகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. அண்மை என்று பெயரிட்டுவிட்டால் பூவுக்கும் பூச்சிக்கும் மட்டுமே உரிய கருவி என்று புதியவர்கள் ஒதுக்கிவைத்துவிடுவார்கள். அந்த வில்லை செய்யும் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிடும்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். 100 மி.மீ. குவியத்தூரமுள்ள மேக்ரோவை மாட்டிக்கொண்டு சற்றுப் பின்னால் தள்ளி நின்றால், தூணில் பாயும் யாளி தலை முதல் கால் வரை அடங்குகிறது. வில்லையைக் கழற்றாமலே நெருங்கிப் போனால், யாளியின் பல்லிடுக்கில் கருங்கல்லின் மணிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எங்கே உளி அழுந்தியது, எங்கே மெருகேறியது என்று பிரித்துச் சொல்லலாம். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவின் முகத்தை எடுக்கவும் அதே வில்லை போதும். 100 மி.மீ. குவியத்தூரத்துக்குத் தள்ளி நின்றே எடுப்பதால் முகம் கோணுவதில்லை, பின்னணியும் இதமாகக் கலைகிறது. தோலின் ஒவ்வொரு துளையையும் காட்டிவிடும் என்பதால் வெளிச்சத்தை மென்மையாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கு இது இன்னும் நெருக்கமான கருவி. ஆட்டுத்தோலில் மயிர்த்துளைகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். வாங்குகிறவர் பார்ப்பது அந்த வரிசையையும் தையலின் சீரையும்தான். முழுக் காலணியையும் தையலையும் ஒரே வில்லை எடுத்துக் கொடுக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்தாலும் இதே கதை. கூடை நிறையக் காய்களையும் எடுக்கலாம், காம்பின் பச்சைத் தொப்பியில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை முள்ளையும் எடுக்கலாம்.

ஓலைச்சுவடிகளையும் பழைய பத்திரங்களையும் படியெடுப்பவர்கள் இதையே நாடுவதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண வில்லைகள் பலவற்றில், அருகிலிருந்து எடுக்கும்போது தாளின் நடுப்பகுதி தெளிந்தால் மூலைகள் மங்கும். தட்டையான பரப்பை மூலை வரை தெளிவாகக் காட்டும்படி மேக்ரோவை வடிவமைக்கிறார்கள். நிக்கான் 1956இல் வெளியிட்ட முதல் 'மைக்ரோ நிக்கோர்' வில்லை, கோடுகள் நெருங்கிய ஜப்பானியக் 'கான்ஜி' எழுத்துகளை நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) பிசிறின்றிப் பதிப்பதற்காகவே உருவானது. பூச்சி அப்போது நினைப்பிலேயே இல்லை.

ஆகவே எவ்வளவு அருகில் போகலாம் என்பதைப் பெயரில் வைக்க வேண்டாம். எந்த அளவில் பதிகிறது என்பதே இதன் அடையாளம். பொருள் என்ன அளவோ அதே அளவில் கேமராவின் உணரியில் (சென்சார்) உரு விழுகிறது. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள முழுச்சட்ட உணரியில், 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் மேலும் கீழும் வெட்டுப்பட்டு நிற்கும். இங்கே எதுவும் பெருக்கப்படவில்லை. எனவே 'பெருக்கு வில்லை' பொருந்தாது. 'நுண்வில்லை' நுண்ணோக்கிப் பக்கம் இழுக்கிறது. 'பேரியல்' பொருளியலார் கையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

என் முன்மொழிவு: மெய்யளவு வில்லை.

வணக்கத்துடன்,
வேலூரிலிருந்து

*

வணக்கம் ஐயா.

விளக்கம் நிறைவாக இருந்தது. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு தடை. பாடநூலில் 'மெய் பிம்பம்' இருக்கிறது, அதற்கு எதிராக 'மாய பிம்பம்' இருக்கிறது. மெய்யளவு என்றதும் மாணவர் மனம் அங்கே ஓடும். 'நிகரளவு' என்றால் என்ன? மேலும், மேக்ரோ என்று பொறித்து விற்கும் ஜூம் வில்லைகள் பல, பொருளின் நான்கில் ஒரு பங்கு அளவைத்தான் எட்டுகின்றன. அவற்றை என்ன சொல்லி அழைப்பது?

ராணிப்பேட்டையிலிருந்து

*

அம்மாவுக்கு வணக்கம்.

நிகரளவை நானும் எழுதிப் பார்த்தேன். எண்ணெய்ப் பொட்டலத்திலும் பிஸ்கட் உறையிலும் 'நிகர அளவு' என்று அச்சாகிறதே, அது குறுக்கே வந்து நிற்கிறது. மெய் பிம்பம் பற்றிய கவலைக்கு என் பதில் இது: கேமராவின் உணரியில் விழுவது எப்போதும் மெய் பிம்பம்தான். மாணவர் இரண்டையும் சேர்த்து எண்ணினாலும் தவறான இடத்துக்குப் போய்ச் சேரமாட்டார். மாய பிம்பம் உணரியில் பதியவே பதியாது.

இந்தச் சொல் கிளைவிடுகிறது என்பது எனக்குப் பெரிய காரணம். பொருளின் பாதி அளவில் பதியும் ஒன்றுக்கு இரண்டு விகிதத்தை 'அரை மெய்யளவு' என்றும், இருமடங்காகப் பதியும் இரண்டுக்கு ஒன்றை 'இரட்டை மெய்யளவு' என்றும் சொல்லலாம். நீங்கள் கேட்ட ஜூம் கால் மெய்யளவு எட்டுவது. அதற்குத் திருப்பத்தூர் ஐயாவின் சொல்லே சரி, 'அண்மை ஜூம்' என்போம். ஐயாவின் சொல்லுக்கு உரிய இடம் அதுவென்று நினைக்கிறேன்.

பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதலாம். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மெய்யளவு வில்லை: பொருளை அதன் உண்மை அளவிலேயே உணரியில் பதிக்கவல்ல ஒளிப்பட வில்லை; தொலைவிலுள்ளவற்றையும் வழக்கம்போல் எடுக்கும். முழு மெய்யளவில் எடுக்கும்போது உணரியை எட்டும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், எஃப் 2.8 துளை, அதைவிடச் சிறிய எஃப் 5.6 துளை போலவே வேலை செய்யும் (எஃப் எண் கூடக்கூட, ஒளி புகும் துளை சிறுக்கும்).