மாக்ஸ் லிண்டர் படங்களை எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி (பழைய ரீல்):
சாப்ளின், கீட்டன் படங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போன வாரம்தான் பிரெஞ்சு மௌனப்பட நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டரின் ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ (1921) பார்த்தேன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வேலைக்காரன் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். முதலாளி மாக்ஸுக்குத் தெரியக் கூடாதென்று, சமையல்காரருக்கு அவர் மாதிரியே உடை போட்டு வெறும் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். மாக்ஸ் முந்தின ராத்திரி குடித்த மயக்கம் தெளியாமல் சவரம் செய்ய வருகிறார், இவர் நுரை தடவ அவரும் தடவுகிறார். சந்தேகம் அந்த முகத்தில் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது! அடுத்து எதைப் பார்க்கலாம்? படம் ஏன் இப்படி ஓட்டமாய் ஓடுகிறது?

பதில் (முருகேசன்):
1911இல் வந்த கின்கினா படத்தைப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த கின்கினா என்ற மருந்து ஒயினை மாக்ஸ் அளவில்லாமல் குடித்துவிட்டு, பெரிய மனிதர்களோடு வம்பிழுத்து, அவர்கள் அந்தக் கால வழக்கப்படி ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்துக் கொடுக்கும் விசிட்டிங் கார்டுகளைப் பையில் போட்டுக்கொள்கிறார். அப்புறம் தெருவில் தள்ளாடும்போது போலீஸ்காரர்கள் அந்தக் கார்டைப் பார்த்து இவர்தான் அந்தப் பெரிய மனிதர் என்று நம்பி, சல்யூட் அடித்து, அதே ஆள் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். சாப்ளின் சினிமாவுக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்த படம் இது. பட்டுத் தொப்பி, கைத்தடி, மடிப்புக் கலையாத கோட்டோடு ஒரு கனவான், அவமானத்தை மறைக்கப் படும் பாடு, அதுதான் மாக்ஸ். சாப்ளினே தன் புகைப்படத்தில் அவரை ஆசான் என்றும் தன்னைச் சீடன் என்றும் எழுதிக் கொடுத்தவர்.

பதில் (புரொஜக்டர் அறை):
வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்போது கேமராவைக் கையால் சுற்றுவார்கள், வினாடிக்கு 16, 18, 20 பிரேம் என்று படத்துக்குப் படம் மாறும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லோரும் துள்ளத்தான் செய்வார்கள். பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள். மாக்ஸ் முகபாவத்தை நம்பி நடித்தவர், அவரை வேகமாக ஓட்டிப் பார்ப்பது பெரிய அநியாயம்.

பதில் (கல்யாணி):
அவர் மகள் மோட் லிண்டரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1925இல் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இறந்துபோனபோது அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அப்பாவைத் திரையில்தான் தெரிந்துகொண்டார். சிதறிக் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 1963இல் அவருடைய மூன்று அமெரிக்கப் படங்களைத் தொகுத்து வெளியிட்டார், 1983இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். இன்று நாம் மாக்ஸைப் பார்ப்பதில் அந்தப் பெண்ணுடைய பங்கு ரொம்பப் பெரியது.

பழைய ரீல்:
0.75இல் வைத்து அந்தக் கண்ணாடிக் காட்சியை மறுபடி பார்த்தேன். சமையல்காரர் ஒவ்வொரு அசைவிலும் ஒரு கணம் பிந்துகிறார், மாக்ஸின் கண் அதைப் பிடித்துவிடுகிறது. வேகமாக ஓடியபோது எனக்கு இது தெரியவே இல்லை. ராத்திரி கின்கினா படம்.