கோச்சியைப் பார்க்கக் கோச்சியிலேயே போனோம்

வாழைச்சேனையிலிருந்து:

போன ஸ்கூல் லீவுக்குக் கண்டிப் பக்கம் இருக்கிற கடுகண்ணாவ றெயில்வே மியூசியத்துக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், போய் வந்த கதையை எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சண்டையில்தான் தொடங்கியது. இவர் வேன் பிடிப்போம் என்றார். கண்டி போய்த் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா எல்லாம் முடித்து, அந்தக் கையோடு மியூசியத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவருடைய திட்டம். இவர் எட்டிப் பார்க்கிற அழகு எனக்குத் தெரியும். பிள்ளைகள் செருப்பைப் போட்டு இறங்குவதற்குள் "ஏறுங்க, ஏறுங்க, நேரம் போகுது" என்று தொடங்கிவிடுவார். கடைசியில் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "கோச்சி பாக்கப் போறவன் வேன்ல போறதா? போனா கோச்சிலதான் போகணும்."

அப்பாவுக்கு 81 வயது, முழங்கால் வருத்தம். ஒரு காலத்தில் வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் மீன் அனுப்பியவர். ஐஸ் போட்ட பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு ஸ்டேசன் வாங்கில் காத்திருந்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. அவரை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிப் போய்க் கஷ்டப்படுத்துவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பாதையைச் சொல்கிறேன், பலருக்கு இதில்தான் குழப்பம். நம்முடைய வண்டி கடுகண்ணாவ பக்கம் போகாது. மட்டக்களப்புப் பாதை கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையோடு சேர்ந்து, மாஹோவில் வடக்குப் பாதையைப் பிடித்து, பொல்காவலயில்தான் கண்டிப் பாதையைச் சந்திக்கிறது. அதனால் காலையில் உதயதேவி வண்டியில் ஏறிப் பொல்காவலயில் இறங்கி, கண்டி வண்டிக்கு மாற வேண்டும். ஒரே நாளில் போய் மியூசியமும் பார்த்துத் திரும்புகிற வேலை நடக்காது. நாங்கள் போக ஒரு நாள், பார்க்க ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி பேராதனையில் இவருடைய கூட்டாளி வீட்டில் தங்கினோம். முதல் நாள் கடுகண்ணாவயைத் தாண்டித்தான் போனோம். மகன் ஜன்னலால் எட்டிப் பார்த்து "அந்தா, அந்தா" என்று கத்தினதோடு சரி. இறங்கவில்லை. பயணக் களைப்போடு எதைப் பார்த்தாலும் மனதில் நிற்காது.

சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் பொரியலும் கட்டுச்சம்பலும் வாழையிலையில் கட்டினோம். வாழைச்சேனை தாண்டியதும் ஓட்டமாவடிப் பாலம். பஸ்ஸும் லொறியும் கோச்சியும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன காலத்தை அப்பா சொல்ல, பிள்ளைகள் நம்பவில்லை. மன்னம்பிட்டிப் பாலமும் அப்படித்தான் இருந்தது என்றார். "கோச்சி வந்தா பஸ் எங்க ஒதுங்கும்?" என்று மகள் கேட்டாள். "கேட்டைப் போட்டு நிப்பாட்டிருவான் மனே, கோச்சி போனாப் பிறகுதான் விடுவான்." மின்னேரியா தாண்டிக் காட்டுக்குள் வண்டி மெதுவாகியது, யானைக்குப் பயந்துதான். பிள்ளைகள் கண் வெட்டாமல் பார்த்தார்கள். ஒரு வாலைக்கூடக் காணவில்லை.

பொல்காவலயில் மாறும்போது வலது பக்க இருக்கைகளைப் பிடியுங்கள். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். ராம்புக்கன தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 45 அடி போனால் ஒரு அடி உயர்கிற பாதை என்று இவர் விளக்கிக்கொண்டிருந்தார், யாரும் காது கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மகளுடைய பையிலிருந்து ஒரு வெரளிக்காய் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல், ஆட்களின் கால்களுக்கு இடையால் உருண்டு உருண்டு பெட்டியின் கடைசி வரைக்கும் போனது. பின்னால் இருந்த ஒரு சிங்கள ஐயா அதை எடுத்து, சிரித்துக்கொண்டே திரும்ப உருட்டினார். நாலடி மேலே வந்து, திரும்பவும் அவரிடமே போய்விட்டது. அதற்குப் பிறகு மகனுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பேராதனையிலிருந்து கடுகண்ணாவக்கு வந்தோம். ஸ்டேசனை ஒட்டியே மியூசியம் இருக்கிறது, முழங்கால்காரருக்கு வசதி. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி ஓடியது. சரியாக 150 வருடம் முடிந்த அன்று, 2014 டிசம்பர் 27இல் இந்த மியூசியத்தைத் திறந்திருக்கிறார்கள். கோச்சி கண்டியைத் தொட்டது 1867இல். மட்டக்களப்புக்கு வந்தது 1928இல். கண்டிக்காரன் கோச்சி பார்த்து 61 வருடம் கழித்துத்தான் நாம் பார்த்திருக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். "வந்திச்சே, அது போதும்" என்றார்.

வெளியே பழைய என்ஜின்கள் நிற்கின்றன. மகன் அவற்றில்தான் ஒட்டிக்கொண்டான். களனிவெளிப் பாதையில் ஓடிய சின்னப் பாதை என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று அடி வைத்து அளந்து பார்த்தான். நம்முடைய தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி, அது இரண்டரை அடி. "இது கோச்சிட தம்பி" என்றான்.

அப்பா என்ஜின்களைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நடந்து களைத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வீணாகக் கூட்டி வந்துவிட்டோமோ என்று எனக்குள் ஒரு குடைச்சல். உள்ளே பழைய டெலிபோன், மணிக்கூடு, கைவிளக்கு, அட்டை டிக்கட், அதற்குத் திகதி குத்துகிற இரும்பு மெசின் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அங்கே சிவப்பு நிறத்தில் அலமாரி மாதிரி ஒரு பெட்டி. டப்லட் மெசின். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரும் புதிருமாக வந்துவிடாமல் காப்பது இதுதான். இரண்டு ஸ்டேசனிலும் உள்ள மெசின்கள் கம்பியால் தொடர்பில் இருக்கும். இந்த ஸ்டேசன் மாஸ்டர் மணியடித்துக் கேட்க, அந்த ஸ்டேசன் மாஸ்டர் சரி என்று மணியடித்து விட்டால்தான் ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அந்தத் தகட்டை வளையத்தில் மாட்டி டிரைவரின் கையில் கொடுத்தால்தான் வண்டி அசையும். ஒரு தகடு வெளியே இருக்கும் வரைக்கும் அந்தத் துண்டுப் பாதைக்கு இன்னொரு தகடு வராது.

அங்கிருந்த ஊழியர் மகனுக்குக் காட்டுவதற்காக அந்த மணியை ஒரு தட்டுத் தட்டினார். டிங்.

வெளியே இருந்த அப்பா எழும்பி வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஆனால் கெதியாக. "இன்னொருக்கா அடிக்கச் சொல்லு" என்றார். ஊழியர் திரும்ப அடித்தார். அப்பா அந்தச் சிவப்புப் பெட்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இதுதானா அது?"

மாஸ்டரின் அறைக்குள் அந்தக் காலத்தில் அப்பா மாதிரி மீன்காரர்களை விடமாட்டார்கள். வெளியே வாங்கில் படுத்திருப்பார்களாம். உள்ளேயிருந்து இந்த டிங் கேட்டால் பக்கத்து ஸ்டேசன் கல்குடாவில் வண்டி வெளிக்கிடுகிறது என்று அர்த்தம். எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, பெட்டிகளைப் பிளாட்பாரத்து விளிம்புக்கு இழுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். இருபது வருடம் அந்தச் சத்தத்துக்கு எழும்பியவர், சத்தம் போட்டது எது என்று அன்றைக்குத்தான் கண்டார். சந்தையில் பழகிய சிங்களத்தில் அந்த ஊழியரோடு அரைமணி நேரம் கதைத்தார். இவர் "நேரம் போகுது" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

அக்கா, வாசித்து முடித்தேன். உங்களுக்கு வாசலில் கோச்சி. எங்கள் பக்கம் தண்டவாளமே இல்லை, அது மட்டக்களப்போடு முடிந்தது. பொத்துவில் வரைக்கும் நீட்டப் போகிறார்கள் என்ற கதையை வாப்பாவும் கேட்டார், நானும் கேட்டேன், இப்போது மகனும் கேட்கிறான்.

நாங்கள் வேனில் அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போனோம். மகியங்கனை தாண்டி மலை ஏறுகிற பதினெட்டு வளைவில் என் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி வாந்தி. அந்த வழியால் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை வளைவுக்கு முன்னால் கொடுக்காதீர்கள், இவ்வளவுதான் என் புத்திமதி.

மியூசியத்தில் பிள்ளைகள் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார்கள், சந்தோசம். ஆனால் ஓடுகிற கோச்சியில் ஏறியதே இல்லையே. அதனால் வேன்காரரைப் பேராதனையில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, நாங்கள் கடுகண்ணாவயில் மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்து ஏறினோம். கொஞ்சத் தூரம்தான். பெட்டிக்குள் நிற்க இடமில்லை, கடலைக்காரர் வேறு காலை மிதித்துக்கொண்டு போனார். பிள்ளைகளுக்கு மியூசியத்தைவிட அதுதான் பெரிசு. மகனுக்கு அட்டை டிக்கட் கிடைத்தது, உள்ளே கண்ணாடிக்குள் பார்த்த அதே மாதிரி. பேராதனையில் டிக்கட் வாங்குகிற ஐயா கையை நீட்டினார், இவன் டிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். அந்த ஐயா என் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், டிக்கட்டை வாங்கி ஓட்டை குத்தித் திரும்பக் கொடுத்தார். இன்னும் குர்ஆன் மதரஸாப் பைக்குள் வைத்திருக்கிறான்.

ஏறாவூரிலிருந்து:

நான் வேறு மாதிரிச் சொல்வேன், கோபிக்க வேண்டாம். மியூசியம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கோச்சியில் பைத்தியமில்லாத பிள்ளைகளுக்கு அதுவும் கூட. அதற்காக மூன்று நாளும் அவ்வளவு காசும் தேவையா? கண்டியில் ஏதாவது வேலை இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். ராம்புக்கன ஏற்றத்தில் மண்சரிவு என்றால் கோச்சியை நிறுத்திவிடுவார்கள். நான் ஒருமுறை அப்படி அகப்பட்டு, பொல்காவலயிலிருந்து குடும்பத்தோடு பஸ்ஸில் நின்றபடி கண்டி போனவன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

ஏறாவூர்த் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஸ்டேசனிலிருந்து மியூசியம், மியூசியத்திலிருந்து ஸ்டேசன் என்று ஓடினால்தான் ஒன்றரை மணித்தியாலம். கண்டி வீதியில் டோசன் கோபுரம் நிற்கிறது. கொழும்பு கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்காக 1832இல் கட்டி முடித்தது. அவர் 1829இலேயே இறந்துவிட்டார். கொஞ்சம் கீழே இறங்கினால் வீதிக்காகக் குடைந்த பாறையும் இருக்கிறது. மலையைத் துளைக்கிறவன் வந்தால்தான் கண்டி இராச்சியம் விழும் என்று ஒரு வாக்கு இருந்ததாம், வெள்ளைக்காரன் அதற்காகவே துளைத்தான் என்று ஊரார் சொல்வார்கள். கதை எப்படியோ, முதலில் வீதி, பிறகு கோச்சி, இரண்டும் ஏறியது ஒரே மலையில். கோச்சிப் பாதை போட்டது தேயிலைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதைக் கேட்டுப் பெற்றவர்கள் கோப்பித் தோட்டக்காரர்கள். தேயிலை பிறகு வந்தது.

நான் பேராதனையில் படித்த காலத்தில் மட்டக்களப்பு இரவு வண்டியில் வந்து விடியற்காலை பொல்காவல வாங்கில் குளிரில் நடுங்கியிருக்கிறேன். அங்கே ஒரு வயதான கோச்சிக் கார்ட், தமிழர், எங்கள் ஊர்க் கதை கேட்டு வந்து பக்கத்தில் இருப்பார். நீராவிக் காலத்தில் ராம்புக்கனயில் வண்டிக்குப் பின்னால் இன்னொரு என்ஜினைப் பூட்டித் தள்ளுவார்களாம். முன்னாலிருப்பவன் இழுக்க, பின்னாலிருப்பவன் தள்ள, இரண்டு டிரைவரும் பேசிக்கொள்வது விசிலால் மட்டும்தான். "பின்னால நிக்கிறவன்ட பேரு ஒருத்தருக்கும் தெரியாது தம்பி" என்றார். அவர் பெயரைக் கேட்க எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வாழைச்சேனை அக்காவிடம் ஒரு கேள்வி. என்னுடைய அம்மாவுக்கும் முழங்கால்தான். கோச்சியில் ஏறி இறங்குவது எப்படி? மலசலகூடம்?

வாழைச்சேனையிலிருந்து:

தங்கச்சி, பொல்காவலதான் கஷ்டம். பிளாட்பாரம் மாறப் படி ஏறி இறங்க வேண்டும். இறங்கியவுடனேயே அடுத்த வண்டிக்கு ஓடாமல், நடுவில் போதிய நேரம் விட்டு வண்டியைத் தெரிவுசெய்யுங்கள். பெட்டியைவிடப் பிளாட்பாரம் தாழ்வாக இருந்தால் ஒருவர் முன்னால் இறங்கிக் கை கொடுக்க வேண்டும். மலசலகூடம் ஓடுகிற வண்டியில் வயதானவர்களுக்குச் சரிவராது, வண்டி நிற்கும்போது போங்கள், கதவுக்கு வெளியே ஒருவர் நில்லுங்கள். நாங்கள் சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கொண்டுபோனோம், மியூசியத்தில் பெரிய உதவி. இருக்கை முன்பதிவை நேரத்தோடு செய்யுங்கள். நாங்கள் பிந்தியதால் ஐந்து பேரும் மூன்று இடத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் ஹிங்குராக்கொட வரைக்கும் ஒரு நெல் வியாபாரி, இரண்டு பேரும் விலைவாசி கதைத்தே முடித்தார்கள்.

அப்பாவுக்கு ஊர் வந்து ஒரு கிழமை முழங்கால் வீக்கம், எண்ணெய் பூசினோம், இறங்கியது. இப்போது புதுப் பிரச்சினை. சோறு வெந்ததும் மகன் எவர்சில்வர் கோப்பையில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறான். டிங். விறாந்தையில் படுத்திருக்கிற அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்புகிறார். "கல்குடால வெளிக்கிட்டுட்டு மனே."