ஜூனில் தான்சானியா, மூன்று மாதத் தன்னார்வப் பணி: என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரம் தான்சானியா போகிறேன். விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற முவான்சாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மொத்தம் மூன்று மாதம். ஒரு தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்கிறது, அவர்களுக்குப் பாதிக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. வார நாட்களில் அரசு ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சனி ஞாயிறு அவர்களே நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் உதவ வேண்டும். நான் ஆசிரியை இல்லை, கணக்கு நன்றாக வரும், அவ்வளவுதான்.

எந்தெந்தத் தடுப்பூசி போட வேண்டும், மலேரியா மாத்திரையை மூன்று மாதமும் விழுங்க வேண்டுமா, ஏரியில் குளிக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விசாவைப் பற்றிக் கேட்டதற்கு, "சுற்றுலா விசாவே போதும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றது நிறுவனம். தெரிந்தவர்களிடம் பழைய துணியும் பொம்மையும் வாங்கி இரண்டு பெட்டி நிரப்பி வைத்திருக்கிறேன், அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் இப்போதைக்குப் பெரிய கவலை. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஒற்றைச்செருப்பு:

பெட்டியை விடுங்கள், முதலில் தேதியைப் பாருங்கள். தான்சானியாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், ஜூனில் நடுவாண்டு விடுமுறை, ஜூலையில்தான் மறுபடி திறப்பார்கள். நீங்கள் போய் இறங்கும்போது வகுப்பறை பூட்டிக் கிடக்கும். இதைக்கூடப் பார்க்காமல் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளியோடு ஒரு வார்த்தையாவது பேசினார்களா என்றே எனக்குச் சந்தேகம். தலைமையாசிரியரோடு நீங்களே நேராகப் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது விசா. சம்பளம் வாங்காத வேலையும் அங்கே வேலைதான். தன்னார்வலர்களுக்கென்றே சி பிரிவு வசிப்பு அனுமதி என்று ஒன்று இருக்கிறது, உங்களை அழைக்கிற நிறுவனம் அதற்கான காகிதங்களைத் தர வேண்டும். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று எனக்கும் சொன்னார்கள். கேட்டார்கள். குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு முழுநாள் உட்கார்ந்திருந்தேன், சொன்ன ஆள் அன்று போனையே எடுக்கவில்லை.

கணக்குத்தானே, மொழி எதற்கு என்று நினைக்காதீர்கள். அரசு ஆரம்பப் பள்ளியில் எல்லாப் பாடமும் சுவாஹிலியில்தான், ஆங்கிலம் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் பாடமொழி ஆகும். கூட்டுவதற்கு ஜும்லிஷா, கழிப்பதற்கு டோவா, பெருக்க ஜிடிஷா, வகுக்க கவான்யா. இந்த நாலையும் எண்களையும் இங்கேயே மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். அப்புறம் "ஷிகமோ". வயதில் மூத்தவர்களைப் பார்த்தால் முதலில் சொல்ல வேண்டிய வணக்கம் இது, அவர்கள் "மரஹபா" என்பார்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்து "ஷிகமோ ம்வாலிமு" (வணக்கம் ஆசிரியரே) என்று சொல்லும்போது நீங்களும் பதிலுக்கு ஷிகமோ என்று சொல்லி வைக்காதீர்கள். நான் சொன்னேன், ஐம்பது பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

நேரக்கணக்கும் வேறு. சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவார்கள், கிட்டத்தட்ட நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும், அதனால் கணக்கு இடிக்காது. முதல் வாரத்தில் "நாளை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம்" என்று சுவாஹிலியில் சொன்னார்கள், எண்கள்தான் தெரியுமே என்று பெருமையாகத் தலையாட்டிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். கூட்டம் காலை ஒன்பதுக்கே தொடங்கி எப்போதோ முடிந்திருந்தது, ஒரு பெரியவர் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரவுப்பணி:

நான் செவிலியர், பயண மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். மருத்துவரை நேரில் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை, போவதற்கு ஆறு வாரம் முன்பாவது பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா என்பது நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த நோய் பரவக்கூடிய நாட்டிலிருந்து வந்தாலோ, அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ தான்சானியா சான்றிதழ் கேட்கும். அடிஸ் அபாபா, நைரோபி இரண்டும் அந்தக் கணக்கில் வரும், அதனால் மலிவான டிக்கெட் என்று நீண்ட காத்திருப்பு உள்ளதை எடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய சான்றிதழ், அந்த மஞ்சள் அட்டை, இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

மலேரியா மாத்திரை மூன்று மாதமும் உண்டு, திரும்பி வந்த பிறகும் உண்டு. பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் வந்தபின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம். டாக்சிசைக்ளின் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்தால் தோல் சீக்கிரம் கருகும். வாரம் ஒன்று போடும் மெஃப்ளோகுவின் சிலருக்குக் கெட்ட கனவும் மனக்கலக்கமும் தரும், மனநலப் பிரச்சினை எப்போதாவது இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை, அதனால் பூச்சிமருந்தேற்றிய கொசுவலை முக்கியம். வந்த பிறகு ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் "தான்சானியா போயிருந்தேன்" என்பதுதான் மருத்துவரிடம் உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்.

ஏரிக்குளியல் வேண்டாம். விக்டோரியா ஏரியில் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு, கரையோர நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியாக உள்ளே போகும், முழங்கால் ஆழத்தில் நின்றாலே போதும். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கிராமத்தில் மூன்று மாதம் என்பதால் வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே போடுவது பற்றியும் கேளுங்கள்.

கூழாங்கல்:

யாரும் அந்தக் குழந்தைகள் இல்லத்தைப் பற்றி எழுதவில்லை, நான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. ஆப்பிரிக்காவில் மட்டுமில்லை, உலகம் முழுக்கவே இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விட்டுப் போனவர்கள், "படிக்க வைக்கிறோம்" என்று கேட்டு வாங்கி வரப்பட்டவர்கள். கட்டணம் கட்டும் தன்னார்வலர் வரவர, இல்லம் நிறைந்திருப்பதில் நடத்துகிறவருக்கு லாபம் வந்துவிடுகிறது. நான் வேறொரு நாட்டில் இப்படி ஒரு இல்லத்தில் இரண்டு மாதம் இருந்தேன். உள்ளே நுழைந்த முதல் நிமிடமே ஒரு மூன்று வயதுப் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு பாசம் என்று உருகிப் போனேன். அடுத்த வாரம் வந்த ஆளின் காலையும் அதே மாதிரி கட்டிக்கொண்டாள், அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் உறைத்தது.

பிள்ளைகளோடு பழக உங்களிடம் காவல்துறை நற்சான்றிதழ் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளி வேலையை மட்டும் வைத்துக்கொண்டு இல்லத்தை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

துணிப்பெட்டியும் வேண்டாம். அங்கே மிட்டும்பா என்று பழைய துணிச் சந்தை ஊருக்கு ஊர் உண்டு, வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. சுமந்து போகும் செலவுக்கு அங்கேயே நோட்டும் சாக்கட்டியும் வாங்கலாம், கடைக்காரருக்கும் நாலு காசு. பிளாஸ்டிக் கைப்பையில் எதையும் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், 2019 ஜூன் முதல் தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மழைக்குருவி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் போடாததற்குக் காரணம், நிறுவனத்தோடு சண்டை. காவல்துறைச் சான்றிதழ் கேட்கிறீர்களா என்றால் "உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்கிறார்கள். இல்லத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கட்டணத்தில் கொஞ்சமாவது குறைப்பார்கள் என்று நினைத்தேன், குறைக்கவில்லை. ஆனால் தலைமையாசிரியர் எண்ணை அழுது வாங்கிவிட்டேன். அவருக்கு நான் வருவதே தெரியாது! ஜூலையில் வாருங்கள், ஆனால் தனியாக வகுப்பெடுக்க வேண்டாம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியரோடு கூட உட்கார்ந்து பின்தங்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அனுமதிக் காகிதம் கைக்கு வந்தால்தான் மீதிக் கட்டணம் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பணத்தை டாலராகக் கொண்டுபோகலாமா?

ஒற்றைச்செருப்பு:

கொஞ்சம் கொண்டுபோங்கள். 2006-க்கு முன் அச்சடித்த நோட்டு, கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது எதையும் பணம் மாற்றும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு என்றால் கவான்யாவை முதலில் படியுங்கள்.