பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமா? பாமினி எழுத்தும் பிரின்டரும்தான் கவலை

சந்தூர் ஒட்டுக்கன்று:

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. ஒட்டுக் கட்டுவது, தண்ணீர் விடுவது எல்லாம் வீட்டுக்காரர் வேலை. பில், அட்வான்ஸ் கணக்கு, கன்றில் கட்டும் ரகச் சீட்டு என் பொறுப்பு. சீட்டு மாறினால் வம்பு. அல்போன்சா என்று வாங்கிப்போனது பெங்களூரா ரகம் என்று காய்க்கும்போதுதான் தெரியும், நாலு வருடம் கழித்து சண்டைக்கு வருவார்கள்.

கம்ப்யூட்டர் ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்று போச்சம்பள்ளியில் ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடு என்கிறாள் மகள். பிளஸ் டூ-வில் அவளுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் போஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அவள் அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை, இப்போது எனக்குப் புத்தி சொல்கிறாள்!

பில் எக்செலில். சீட்டெல்லாம் வேர்டில், பாமினி எழுத்தில். பிரின்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020. டாலி என்னிடம் இல்லை, ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். இதெல்லாம் ஓடுமா?

ஓசூர் நைட் ஷிப்ட்:

ஓடும் அக்கா. கடையில் சொன்னது பாதி சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்காக மெஷினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி, வாங்குங்கள், உங்கள் டீ பிரச்சினைக்குக் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க்தான். முடிந்தால் ராம் இன்னொரு 4 ஜிபி.

அப்புறம் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை, அதில் பழைய மெஷினுக்கு ஏற்ற லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். பில் போடும் மெஷினில் அது வேண்டாம் என்பது என் கட்சி. பழைய டிஸ்கை அப்படியே கழற்றிப் பத்திரமாக வையுங்கள். எஸ்எஸ்டியில் லினக்ஸ் மட்டும். பிடிக்கவில்லையா, பழையதை மாட்டினால் பழைய கம்ப்யூட்டர்.

தருமபுரி டிடிபி:

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கிறவன் நான். தம்பி வேகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், உங்கள் கேள்வி எழுத்தைப் பற்றியது.

பாமினி, எல்லா இடத்திலும் படிக்க முடிகிற பொது எழுத்து முறையான யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த ஃபான்ட். அதனால் ஒரு வசதி: அந்த ஃபான்ட் ஃபைலை (டிடிஎஃப்) லினக்ஸில் போட்டுவிட்டால் பழைய சீட்டு, வேர்டு எக்செலுக்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் அப்படியே திறக்கும், நீங்கள் பழகிய மாதிரியே டைப்பும் செய்யலாம். ஆனால் லிப்ரே ஆபிஸில் தானாகத் திருத்தும் ஆட்டோ கரெக்டை முதலில் அணையுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது கேப்பிடல் ஆக்கும், பாமினியில் அது வேறு எழுத்து. "நீலம்" என்று ரகப் பெயரை அடித்தால் வேறென்னவோ வந்து நிற்கும்.

என்னைக் கேட்டால், விண்டோஸ் கையில் இருக்கும்போதே என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் சீட்டை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ரகப் பட்டியல் கேட்கிறவர்களுக்கு ஒட்டி அனுப்ப பாமினி உதவாது. தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் வந்துவிடும்.

உங்கள் 1020 பிரின்டர் ஓடும். ஆனால் ஹெச்பி-யின் பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்றை நெட்டில் இறக்கிக்கொள்ளக் கேட்கும், சரி என்று கொடுத்தால்தான் பேப்பர் வரும். உங்களிடம் கேனன் 2900 பிரின்டர் இருந்திருந்தால் யோசியுங்கள் என்றிருப்பேன், அதன் டிரைவர் லினக்ஸில் தலைவலி.

எக்செலில் மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் குறுநிரல், ஏதாவது இருக்கிறதா?

சந்தூர் ஒட்டுக்கன்று:

மேக்ரோ எல்லாம் தெரியாதுங்க, கூட்டல் பெருக்கல்தான். பென்டிரைவில் போட்டுப் பார்த்தோம். பில் ஃபைல் திறந்தது. பிளகின் இறக்கியதும் பிரின்டும் வந்தது. சீட்டில் ஓரம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது, சரி செய்துகொள்ளலாம். ஆனால் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபைலைத் திறக்கலாம், அதிலேயே சேமிக்க விடமாட்டேன் என்கிறது. ஏன்?

ஓசூர் நைட் ஷிப்ட்:

விண்டோஸ் முழுசாக அணையவில்லை அக்கா. சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸ் டிஸ்கில் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். விண்டோஸில் பவர் ஆப்ஷனில் போய் அதை எடுத்துவிட்டு ஷட் டவுன் செய்து பாருங்கள். எஸ்எஸ்டி வாங்கும்போது பழைய டிஸ்குக்கு ஒரு யுஎஸ்பி கேஸும் சேர்த்து வாங்குங்கள், பழைய பில் தேவைப்பட்டால் வெளியே இருந்தே படிக்கலாம்.